இல்லாத நோய்க்குக் கிடைத்த சுகம்

எனக்கு வராத ஒரு வியாதிக்காக எங்கள் ஜெபக்குழு சகோதரிகள் முழங்கால் தேய ஜெபித்தார்கள். கர்த்தர் அந்த ஜெபத்தைக் கேட்டார். இதைக் கேட்டால் சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். இப்போது நானும்தான் சிரிக்கிறேன். அன்றைக்கு அழத்தான் தெரிந்தது.

என் பெயர் சுகந்தி. ஈஜிபுராவில் குடியிருக்கிறேன். பிறந்தது வாணியம்பாடி பக்கம், கல்யாணமாகி பெங்களூருக்கு வந்தவள். என் வீட்டுக்காரர் டேவிட் எலக்ட்ரீஷியன். தொண்ணூற்றாறில் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனார். நானும் பாப்பா ஷீபாவும் இங்கே. வெளிநாட்டில் புருஷன் இருக்கிற பொம்பளையை எல்லாரும் கொடுத்துவைத்தவள் என்பார்கள். என்ன கொடுத்துவைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அன்றைக்குப் போன் பண்ணுவார். எங்கள் வீட்டில் போன் கிடையாது, மாடியில் ஓனரம்மா வீட்டு ஹாலில்தான். அவர்கள் கன்னடக்காரர்கள், நல்ல மனுஷர்கள். போன் வந்ததும் மாடியிலிருந்து "சுகந்தீ, மஸ்கட்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுவார். நான் விழுந்தடித்துக்கொண்டு ஓடுவேன். ஹாலில் ஓனரம்மா, அவர் மாமனார், பிள்ளைகள், டிவி. அத்தனை பேர் நடுவில் நின்றுகொண்டு, "சாப்பிட்டீங்களா? பாப்பாக்கு ஜுரம் விட்டுடுச்சு. நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பேன். இரண்டு வருஷம் எங்கள் தாம்பத்தியம் இவ்வளவுதான்.

நல்லாத்தான் இருக்கேன் என்பது சுத்தப் பொய். எனக்கு அப்போது முப்பது வயது. வேலை, பாப்பா, சபை என்று நாள் ஓடிவிடும். ஆனால் உடம்பு ஒன்று இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? சகோதரிகளே, நம் கூட்டங்களில் இச்சையைப் பற்றிப் பேச்சு வந்தால் நாம் என்ன செய்வோம்? புருஷன்மாருக்காக ஜெபிப்போம். பையன்களுக்காக ஜெபிப்போம். அது ஆம்பிளைகளுக்கு வருகிற ஜலதோஷம் மாதிரி, நமக்கு ஒட்டாது என்று நினைப்பு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எனக்கே வந்தபோது அதற்கு என்ன பெயர் சொல்வது என்றுகூடத் தெரியவில்லை.

அப்போது ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் எனக்குத் தையல் வேலை. வரிசை வரிசையாக மெஷின்கள். மெஷின் பழுதானால் கையைத் தூக்க வேண்டும், மெக்கானிக் வருவார். அவர் பெயரை மாற்றிச் சொல்கிறேன், மஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்னடக்காரர், இங்கே ஆம்பிளைகளுக்கும் அந்தப் பெயர் உண்டு. என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவர், கல்யாணம் ஆகாதவர். சாட்சி சொல்கிறவர்கள் பல பேர் இந்த இடத்தில் எதிராளியைப் பிசாசாக ஆக்கிவிடுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் நல்ல மனுஷர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும்.

தொண்ணூற்றெட்டு மழைக்காலத்தில் ஒரு நாள் ஊசி என் விரலில் இறங்கிவிட்டது. கார்மெண்ட்ஸில் இது சகஜம். பக்கத்திலிருந்தவர்கள் கத்தினார்கள். மஞ்சு ஓடி வந்து, என் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி ஊசியை மேலே எடுத்தார். "ஆயித்து மேடம், ஆயிடுச்சு. இதோ வந்துடுச்சு" என்றார். ரத்தத்தைத் துடைத்துவிட்டு விரலைச் சுற்றித் துணி கட்டினார். வலி போன பிறகும் அந்தக் கை என் கையில் இருந்த மாதிரியே இருந்தது. யாராவது என்னைத் தொட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்கப்புறம் நான் செய்ததைக் கேளுங்கள். தையல் மெஷினில் நூலை இறுக்கிப் பிடிக்கிற ஒரு திருகு உண்டு. டென்ஷன் ஸ்க்ரூ என்போம். அதை நானே தளர்த்திவிடுவேன். நூல் சிக்கும், தையல் கோணும். கையைத் தூக்குவேன். அவர் வருவார். குனிந்து பார்ப்பார், சரி பண்ணுவார், போவார். எனக்கு அந்த இரண்டு நிமிஷம் போதும். சூப்பர்வைசரம்மாகூட ஒரு நாள் என் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, "நின் மிஷினுக்கு மாத்ர தினா ஏனாகுத்தம்மா?" என்று கேட்டார். உன் மெஷினுக்கு மட்டும் தினம் என்ன கேடு என்கிறார். கேடு மெஷினுக்கா எனக்கா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஜெபம் பண்ணாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். காலையில் எழுந்ததும் "ஆண்டவரே, சரீரப் போராட்டத்திலிருந்து என்னை விடுவியும்" என்பேன். எழுந்து போய் இருப்பதிலேயே நல்ல புடவையை எடுத்து இஸ்திரி போடுவேன். வாய் ஒன்று கேட்கும், கை இன்னொன்று செய்யும்.

ஒரு நாள் மஞ்சு என் மெஷினுக்குக் குனிந்தபடியே, "மேடம், வீட்ல தையல் மிஷின் இருக்குன்னு சொன்னீங்களே. ரிப்பேர் ஏதாச்சும் இருந்தா சனிக்கிழமை மத்தியானம் வரட்டா?" என்று கேட்டார். சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள்தான் வேலை. வீட்டு மெஷின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"வாங்க. பாப்பாவை நாத்தனார் வீட்ல விட்டுடறேன்" என்றேன்.

பாப்பாவைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன். ஒக்கலிபுரத்தில் இருக்கிற என் நாத்தனாரிடம் வெள்ளிக்கிழமை சாயங்காலமே பாப்பாவை விடுவதாகச் சொல்லியும் ஆயிற்று. என்ன தைரியம் பாருங்கள்!

அதற்கு முந்தைய வியாழக்கிழமை ஜெபக்குழு. விவேக் நகரில் ரோஸி அக்கா வீட்டில் வாராவாரம் கூடுவோம். வியாழக்கிழமை என்றால் அந்தப் பக்கம் கத்தோலிக்கக் கோவிலுக்கு வருகிற கூட்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கவே முடியாது. மெழுகுவர்த்தி விற்கிறவர்களையும் ஆட்டோக்களையும் தாண்டிப் போய் அக்கா வீட்டுப் பாயில் உட்கார்ந்தேன். ரோஸி அக்கா எங்கள் குழுவுக்குத் தலைவி. தங்கமான மனசு, ஆனால் தொண்டை மட்டும் லவுட் ஸ்பீக்கர். காதுக்குள் பேசினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

ஒவ்வொருவராக ஜெப விண்ணப்பம் சொன்னார்கள். என் முறை வந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். இவர்கள்தான் என்னைத் தடுக்க முடியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்ததெல்லாம் சபைத் தமிழ்தானே.

"எனக்குச் சரீரத்துல ஒரு போராட்டம்க்கா. சனிக்கிழமையை நினைச்சா ரொம்பப் பயமா இருக்கு. ஜெபம் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டேன்.

நம் பாஷை உங்களுக்குத் தெரியாதா? சரீரம் என்று சொன்னாலே நமக்கு வியாதிதான். சரீர பெலவீனம் என்றால் சர்க்கரை, பி.பி., முட்டி வலி. ரோஸி அக்கா என்னை இழுத்து மார்பில் சாய்த்துக்கொண்டார்.

"ஐயோ கண்ணு, சனிக்கிழமை டாக்டர்கிட்ட போறியா?"

நான் இன்னும் அதிகமாக அழுதேன்.

"அடிவயித்துலயா?" என்று அவருடைய ரகசியக் குரலில் கேட்டார். அறை முழுக்கக் கேட்டது.

நான் என்ன சொல்வேன்? தலையை ஆட்டிவிட்டேன். அவ்வளவுதான், எல்லாரும் எழுந்து வந்து என் தலைமேல் கை வைத்து ஜெபித்தார்கள். எங்கள் ஃபேக்டரியிலேயே செக்கிங் டேபிளில் வேலை செய்கிற கலா மட்டும் கை வைக்காமல் என் பாதத்தருகே உட்கார்ந்திருந்தாள். கலா புதிதாக விசுவாசத்துக்கு வந்தவள். அதிகம் பேச மாட்டாள்.

சனிக்கிழமை வந்தது. வேலை முடிந்து வந்து குளித்து, பவுடர் போட்டு, மெரூன் கலர் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு தட்டுகிற சத்தம். ஓடிப்போய்த் திறந்தால் வாசலில் ரோஸி அக்கா. கையில் தூக்குவாளி. பின்னால் கலாவும் இன்னும் சில சகோதரிகளும்.

"என்னடி இது கோலம்? உடம்பு முடியாதவ கல்யாணத்துக்குப் போறவ மாதிரி நிக்கிறே?"

"டாக்டர்கிட்ட... அக்கா..."

"டாக்டர்கிட்ட நாங்க கூட்டிட்டுப் போறோம். நீ படு மொதல்ல. மிளகு ரசம் வெச்சு எடுத்தாந்திருக்கேன்."

என்னைப் பிடித்துக் கட்டிலில் படுக்க வைத்துக் கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டார்கள். நெற்றியில் எண்ணெய் பூசினார்கள். பாட்டு, ஜெபம், கண்ணீர். அந்த நேரம் பார்த்து மறுபடியும் கதவு தட்டும் சத்தம். நான் போர்வைக்குள் சிலையாகிவிட்டேன். ரோஸி அக்காதான் போய்த் திறந்தார்.

"யாருப்பா நீ?"

"மிஷின்... ரிப்பேர்ன்னு சொன்னாங்க" என்றது மஞ்சுவின் குரல்.

"வாப்பா, வா. அவளுக்கு உடம்பு சரியில்ல. நாங்க ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கோம், நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு."

பாவம், அவர் என்ன செய்வார்? மூலையில் இருந்த மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஒரு குறையும் இல்லாத மெஷினைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டு மறுபடி மாட்டினார். இந்தப் பக்கம் ஜெபம் சுதி ஏறிக்கொண்டே போனது. முடிக்கிற சமயத்தில் ரோஸி அக்கா நேரே போய் அவர் தலையில் கை வைத்தார். "ஆண்டவரே, இந்தத் தம்பியையும் ஆசீர்வதியும். இந்த வீட்டுக்கு வந்து பிரயாசப்படுகிற இவன் கையை ஆசீர்வதியும்!" என்றார். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கைகூப்பி உட்கார்ந்திருந்ததைப் போர்வை ஓரமாகப் பார்த்தேன். வேர்த்து ஊற்றியது எனக்கு. "கை வெச்சதும் ஜுரம் இறங்குது பாருங்க" என்றார் ஒரு சகோதரி.

மஞ்சு கிளம்பும்போது கட்டில் பக்கம் திரும்பி, "ஹுஷாரா இருங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

எல்லாரும் போன பிறகு நான் ஸ்தோத்திரம் சொன்னேன் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு வந்தது கோபம். ஜெபத்துக்குப் பதில் வந்தது, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது உமக்கே நியாயமா ஆண்டவரே?" என்று சண்டை பிடித்தேன். காப்பாற்றும் என்று கேட்டவள் நான்தான். காப்பாற்றியதும் ஏன் காப்பாற்றினீர் என்று அழுதவளும் நான்தான். மனுஷ மனசு அப்படி இருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. வியாதிக்காரியைத் தனியாக விடக் கூடாது என்று சகோதரிகள் முறை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். சனிக்கிழமை என்றால் ரோஸி அக்காவே வந்து உட்கார்ந்துவிடுவார். கலா காலையும் சாயங்காலமும் என்னோடு ஒரே பஸ்ஸில் வந்தாள். அவள் வீடு வேறு பக்கம். "எதுக்குடி சுத்திக்கிட்டு வர்றே?" என்று கேட்டால், "சும்மாதான்" என்பாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

ஒரு நாள், அன்றைக்கு ஜெபத்தோடு நின்றுபோன டாக்டர் விஷயம் ஞாபகம் வந்து, ரோஸி அக்கா என்னை லேடி டாக்டரிடம் இழுத்துப் போனார். டாக்டர் தமிழ் பேசுகிறவர். பரிசோதித்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே. ரத்தம் கொஞ்சம் கம்மி. வீட்டுக்காரர் எங்க இருக்கார்?" என்று கேட்டார். "மஸ்கட்" என்றேன். கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவருக்குப் புரிந்ததா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளியே வந்து "ஒண்ணும் இல்லையாம்க்கா" என்றதுதான் தாமதம், ரோஸி அக்கா ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே கையைத் தூக்கிவிட்டார். "ஸ்தோத்திரம்! கட்டி கரைஞ்சிடுச்சு!"

"எந்தக் கட்டிக்கா?"

"உன் வயித்துல இருந்த கட்டிதான்."

வாய்க்கு வாய் மாறி என் வியாதி கட்டியாக வளர்ந்திருந்தது எனக்கே அன்றுதான் தெரியும். அதோடு விட்டாரா? பாஸ்டரிடம் சொல்லிவிட்டார். வருகிற ஞாயிறு ஆராதனையில் நான் மைக் பிடித்துக் கர்த்தர் கொடுத்த சுகத்தைச் சாட்சி சொல்ல வேண்டும்.

இல்லாத வியாதி, கரைந்த கட்டி, அதற்கு ஒரு சாட்சி! ஆண்டவர் பெயரில் மைக்கில் பொய் சொல்லப் போகிறேன். இல்லை என்று சொன்னால் அப்புறம் என்னதான் போராட்டம் என்று கேட்பார்களே. சோறு இறங்கவில்லை. இதெல்லாம் இருக்க, அதே வாரம் ஃபேக்டரியில் என் கை மறுபடியும் அந்தத் திருகுக்குப் போயிற்று. மஞ்சு வந்தார். குனிந்துகொண்டே, "இந்த சனிக்கிழமை?" என்று மெல்லக் கேட்டார். "சொல்றேன்" என்றேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அக்காவிடம் அன்றைக்கு நாத்தனார் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டால் போதும், யாரும் வர மாட்டார்கள். அந்தக் கணக்குவரை என் புத்தி போய்விட்டது.

அன்று சாயங்காலம் பாப்பா தெருவில் விளையாடிக்கொண்டிருந்தது. அடுப்பில் பால் வைத்துவிட்டு அப்படியே சமையல் கட்டில் முழங்கால் போட்டேன். சபைத் தமிழ் ஒரு வார்த்தை வரவில்லை. "அப்பா, எனக்கு எந்த வியாதியும் இல்ல. எனக்கு அந்த ஆள் வேணும். வேணும்னு இருக்கறது எனக்கே பிடிக்கல. என் புருஷனும் வேணும். என்னால முடியல, நீங்களே பாத்துக்கோங்க" என்றேன். கடவுளிடம் அப்படிப் பேசியதே இல்லை. பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

வெளிச்சமோ சத்தமோ எதுவும் வரவில்லை. ஒரே ஒரு எண்ணம் வந்தது. சரீரம் என்று நான் சொன்னதைச் சகோதரிகள் வியாதி என்று எடுத்துக்கொண்டார்கள். கர்த்தர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லையே! வியாதிக்கு மருந்து கேட்டு ஜெபித்தவர்களையே என் வீட்டு வாசலுக்குக் காவலாக அனுப்பியிருக்கிறார். நான் மூடி மூடிச் சொன்னதை அவர் திறந்தே படித்திருக்கிறார். அவருக்கு முன்னால் எனக்கு வெட்கம் போய்விட்டது. அவருக்கே தெரிந்த விஷயத்தை இவர்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

மறுநாள் வியாழக்கிழமை. பாயில் உட்கார்ந்ததும், பாட்டு தொடங்குவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். "எனக்குக் கட்டி கிட்டி எதுவும் இருந்ததில்ல. எனக்கு ஒரு ஆள் மேல ஆசை. அன்னிக்கு வீட்டுக்கு மெஷின் ரிப்பேர் பண்ண வந்தாரே, அவர்தான். ரிப்பேருக்கு வரல. நான்தான் வரச் சொன்னேன்."

ரோஸி அக்காவின் முகம் வெளுத்துப் போயிற்று.

"அந்தத் தம்பியா? அடிப்பாவி, நான் அவன் தலையில கை வெச்சு ஜெபம் பண்ணேனேடி!"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு சகோதரி எழுந்து பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசியதே இல்லை. அந்த வலி இன்றும் உண்டு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். அப்போது பேசியது கலா.

"எனக்குத் தெரியும் சுகந்தி."

நிமிர்ந்து பார்த்தேன்.

"என் டேபிள்ல இருந்து பார்த்தா உன் மெஷின் நல்லாத் தெரியும். நீயே ஸ்க்ரூவைத் தளர்த்திட்டுக் கையைத் தூக்கறதைப் பார்த்தேன். அதான் தினம் உன்கூட பஸ்ல வந்தேன்."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அதை எப்படிப் பேசறதுன்னு எனக்கும் தெரியல. என் புருஷன் என்னை விட்டுட்டுப் போய் எவ்வளவு காலமாச்சு. எனக்கு மட்டும் உடம்பு இல்லையா?" என்று சொல்லும்போதே கலாவுக்கு அழுகை வந்துவிட்டது.

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். எந்தப் பெண் துணையாக வந்ததற்கு எரிந்து விழுந்தேனோ, அவள் எல்லாம் தெரிந்தே வந்திருக்கிறாள். ரோஸி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"சனிக்கிழமை வரேன். வியாதி இல்லாதவளுக்கு ரசம் எதுக்கு? மீன் குழம்பு வெச்சு எடுத்தாறேன். கலா, நீயும் வந்துடு."

வெள்ளிக்கிழமை ஃபேக்டரியில் மஞ்சுவை நானே கூப்பிட்டேன். "மஞ்சு, சனிக்கிழமை வராதீங்க. எந்தச் சனிக்கிழமையும் வேணாம்" என்றேன்.

அவர் முகம் வாடிப் போயிற்று. "நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா மேடம்?"

"இல்ல. கூப்பிட்டது நான்தான். என் மேலதான் தப்பு."

"நீங்க கூப்பிட்டீங்க, நான் வந்தேன். ரெண்டு பேர் மேலயும்தான்" என்றார். திரும்பிப் போகப் போனவர் நின்றார். "அந்த ஸ்க்ரூவை இனிமே தொடாதீங்க மேடம். மிஷின் நல்லாத்தான் இருக்கு."

அவருக்கும் தெரிந்திருக்கிறது! பாத்ரூமில் போய் அழுது தீர்த்தேன். அவரை வெறுத்துவிட்டு நான் விலகவில்லை. ஆசை இருக்கும்போதே விலகினேன். சூப்பர்வைசரம்மாவைக் கெஞ்சி, மஞ்சு வராத இன்னொரு வரிசைக்கு மாற்றிக்கொண்டேன். சில மாதங்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பதே பெரிய பாடாக இருந்தது. அப்போதெல்லாம் கலாவிடம் போய், "இன்னிக்கு ரொம்பத் தேடுது" என்று சொல்லிவிடுவேன். டீ இடைவேளையில் இருவரும் கண்ணை மூடி ஜெபிப்போம். சொன்னதும் பாதி பாரம் இறங்கிவிடும்.

அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம், "சுகந்தீ, மஸ்கட்!" என்று குரல் வந்தது. ஓடினேன். எல்லாரும் ஹாலில் இருந்தார்கள்.

"எப்படி இருக்கே?" என்றார் அவர்.

"நல்லா இல்ல."

"ஏன், உடம்புக்கு என்ன?"

ரோஸி அக்கா கேட்ட அதே கேள்வி. இந்த முறை நான் தலையை ஆட்டவில்லை. "உடம்புக்கு வியாதி இல்லங்க. அது உங்களைத் தேடுது. தேடித் தேடி இன்னொருத்தர் பக்கம் போகப் பார்த்துச்சு. போகல, கர்த்தர் விடல. நீங்க வந்துடுங்க. என்னால தனியா முடியல" என்றேன்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஓனரம்மா எழுந்து டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். பிள்ளைகளைப் பார்த்து, "ஹோகி, ஓதுக்கோ ஹோகி" என்று படிக்க விரட்டினார். மாமனாரைக் கைபிடித்து உள்ளே கூட்டிப் போனார். தமிழ் அவருக்கு நன்றாகவே புரியும். அதற்கப்புறம் ஒரு வார்த்தை அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை.

அந்தப் பக்கம் அவர் போன் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. உண்மையைச் சொல்லிக் குடும்பத்தைக் கெடுத்துக்கொண்டேனா என்று கிடந்து துடித்தேன். நடுவில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து போனது. மைக்கில், "எனக்குக் கட்டி எதுவும் இல்லை. தவறாகச் சொல்லப்பட்டுவிட்டது. எனக்கிருந்த ஆபத்து வேறு. கர்த்தர் சகோதரிகளை அனுப்பிக் காப்பாற்றினார்" என்று மட்டும் சொன்னேன். பாஸ்டர் விழித்தார், பிறகு ஸ்தோத்திரம் என்றார். குழு முழுக்க உபவாசம் இருந்து எங்கள் இருவருக்காகவும் ஜெபித்தது.

ஒரு நாள் போன் வந்தது. "லீவு போட்டிருக்கேன். கிறிஸ்துமஸுக்கு வரேன்" என்றார். குரலில் ஈரமே இல்லை.

வந்தார். கேட்டார், எல்லாவற்றையும் கேட்டார். சொன்னேன். கோபித்துக்கொண்டு ஒக்கலிபுரத்துக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். நான் தடுக்கவில்லை. சில நாள் கழித்து, பாப்பாவுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வாசலில் நின்றார். உள்ளே வந்து உட்கார்ந்து, "நான் மட்டும் அங்க சுத்தமா இருந்தேனா என்ன? ரூம்ல பசங்க என்னென்னவோ கேசட் போட்டுப் பார்ப்பானுங்க. நானும் உட்கார்ந்து பார்த்தேன். அதைப் பார்த்துட்டு உனக்கு வெள்ளிக்கிழமை போன் பண்ணி சாப்பிட்டியான்னு கேப்பேன்" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து முழங்கால் போட்டது அன்றுதான் முதல் தடவை.

அவர் திரும்பிப் போகவில்லை. இங்கேயே வயரிங் வேலை எடுத்துச் செய்கிறார். மஸ்கட் வசதி எங்களுக்கு இல்லை. சண்டையும் உண்டு, ஆனால் நேரில் போடுகிறோம். ஆசை அடியோடு செத்துவிட்டது என்று நான் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். கர்த்தர் என் உடம்பை எடுத்துவிடவில்லை. அதை ஒளிக்கிற பழக்கத்தை எடுத்துப்போட்டார். ஒளிக்காதபோது அதற்குப் பாதி பலம்கூட இல்லை என்று கண்டுகொண்டேன். இரண்டாயிரமாவது வருஷம் எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். அப்போது ரோஸி அக்கா ஆஸ்பத்திரி வராண்டாவில் கையைத் தூக்கிக் கத்தியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நர்ஸ் வந்து அதட்டினார்.

இதைப் படிக்கிற சகோதரி யாராவது, நான் இருந்த இடத்தில் இருக்கலாம். உங்களுக்கு வெட்கமாக இருக்கும். சொன்னால் சபை என்ன நினைக்கும் என்று பயமாக இருக்கும். ஒருவர் எழுந்து போய்விடவும் கூடும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்டவரிடம் அழகான வார்த்தை தேடாதீர்கள். இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள். அவர் கூசுகிறவர் இல்லை. அப்படியே நம்பிக்கையான ஒருத்தியிடமாவது சொல்லிவிடுங்கள். எங்கள் வியாழக்கிழமைப் பாயில் இப்போது யாராவது சரீரப் போராட்டம் என்று ஆரம்பித்தால், ரோஸி அக்கா உடனே, "நோயா, ஆசையா? தமிழ்ல சொல்லும்மா" என்பார். முதலில் எல்லாரும் சிரிப்போம். பிறகு அவள் சொல்வாள், நாங்கள் கேட்போம். எதுவாக இருந்தாலும் சரி, சனிக்கிழமை அவள் வீட்டுக் கதவை நாங்கள் தட்டுவோம்.